தங்கியிருந்தவர்கள் கட்டிய அணி

(புளியந்தீவின் கூடைப்பந்தாட்ட மரபு பற்றி மட்டக்களப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மட்டக்களப்பு எதற்குப் பேர்போனது என்று வெளியூரார் கேட்டால் நம் வாயில் ஒரு வரிசை தயாராக இருக்கும். வாவி, பாடும் மீன், வடமோடி தென்மோடிக் கூத்து, கண்ணகியம்மன் சடங்கு, எருமைத் தயிர், விபுலானந்த அடிகள். அந்த வரிசையில் கூடைப்பந்தாட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். புளியந்தீவில் நிற்கும் புனித மிக்கேல் கல்லூரி, தலைநகரின் பெரிய பாடசாலைகளை எதிர்த்து ஆடி அகில இலங்கை மட்டத்தில் வென்ற அணிகளை உருவாக்கியது. இலங்கை அணிக்கு வீரர்களைக் கொடுத்தது. ஒரு பாடசாலையின் விளையாட்டு ஊரின் விளையாட்டாக மாறியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அணிகள் பணத்தால் வந்தவை அல்ல. நம் பிள்ளைகள் மற்றவர்களைவிட நெட்டையானவர்களும் அல்லர். இங்கே வந்த ஆசிரியர்கள் சிலர் திரும்பிப் போகாமல் இருந்தார்கள். ஒரே தளத்தில், ஒரே ஊர்ப் பிள்ளைகளோடு, பத்து இருபது முப்பது ஆண்டுகள் இருந்தார்கள். அணிகள் அதனால் வந்தவை. அப்படி இருந்ததற்காக அவர்களில் ஒருவர் கொடுத்த விலையையும் இன்று பேசியாக வேண்டும்.

முதலில் கொஞ்சம் வெளியே போய் வருவோம். சிறிய கல்லூரி ஒன்று நாட்டையே வெல்லும் அணியை எப்படி உருவாக்குகிறது என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், ரொக் ஐலண்ட் என்ற ஊரில் அகஸ்தானா கல்லூரி இருக்கிறது. சுவீடனிலிருந்து குடியேறிய லுத்தரன் திருச்சபையார் 1860இல் தொடங்கிய கல்லூரி அது. தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு கொண்டுவந்த அதே லுத்தரன் மரபுதான். அந்தச் சிறிய கல்லூரியின் அமெரிக்க உதைபந்தாட்ட அணி 1983 முதல் 1986 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தன் பிரிவில் தேசியச் சாம்பியனாக இருந்தது. அறுபது ஆட்டங்கள் அந்த அணி தோல்வியே காணவில்லை. ஐம்பத்தொன்பது வெற்றி, ஒன்று சமநிலை. பயிற்றுவிப்பாளர் பொப் ரீட் 1979 முதல் 1994 வரை அங்கேயே இருந்தார்.

வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு லுத்தரன் கல்லூரி, பசிபிக் லுத்தரன். அதுவும் அதே ஆட்டத்தில் 1980, 1987, 1993, 1999 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றது. முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் இடையில் ஒரு தலைமுறை வளர்ந்து பெரியவர்களாகிவிட்டது. பயிற்றுவிப்பாளர் மாத்திரம் ஒருவரே. புரொஸ்டி வெஸ்டரிங் என்ற அவர் 1972 முதல் 2003 வரை முப்பத்திரண்டு பருவங்கள் அங்கே பயிற்சி கொடுத்தார்.

பெரிய பல்கலைக்கழகம் பணம் கொடுத்து வீரனை அழைக்கும். பிடிக்காவிட்டால் பயிற்றுவிப்பாளரை மாற்றும். சிறிய கல்லூரிக்கு அந்த வசதி கிடையாது. வாசலுக்கு வருகிற பிள்ளையைத்தான் அது வீரனாக்க வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். காலத்தைக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நமக்கு இது புதிய செய்தியே அல்ல. நம் ஊர்களில் கூத்துப் பழக்க வரும் அண்ணாவியாரை நினைத்துப் பாருங்கள். சட்டம் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் அந்த ஊரோடு ஊராக இருப்பார். வயலுக்குப் போய் வந்தவனையும் தோணி வலித்து வந்தவனையும் இரவில் களரியில் நிறுத்தி, தாளம் தப்பாமல் ஆடப் பழக்குவார். கட்டியகாரனிலிருந்து கொலுவரசன் வரை அதே ஊரார்தான். நல்ல பயிற்றுவிப்பாளர் செய்வதும் இதே வேலை.

சரி, உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் இருக்கக் கூடைப்பந்தாட்டம் ஏன் புளியந்தீவில் வேரூன்றியது? விடையின் ஒரு பாதி நிலத்தில் இருக்கிறது. புளியந்தீவு வாவி சூழ்ந்த சிறு தீவு. கோட்டை, கச்சேரி, கோயில்கள், தேவாலயங்கள், பாடசாலைகள், கடைத்தெரு எல்லாம் அதற்குள் நெருங்கி நிற்கின்றன. முழு அளவு உதைபந்தாட்ட மைதானம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. கூடைப்பந்தாட்டத் தளத்துக்கு 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் போதும். ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் பரப்பில் பதினேழு கூடைப்பந்தாட்டத் தளங்கள் அடங்கும். ஓர் அணிக்கு ஐந்து பேர், ஒரு பந்து, இரண்டு கம்பம், இரண்டு வளையம். இடமும் காசும் குறைந்த பாடசாலைக்கு ஏற்ற விளையாட்டு.

விளையாட்டின் பிறப்பும் அப்படிப்பட்டதே. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில், பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கிய ஆட்டம் இது. அவர் கனடாவில் இறையியல் படித்தவர். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மாடத்துக் கைப்பிடியில் அறைந்தார். பதின்மூன்று விதிகளை எழுதினார். மாடத்தின் உயரம் பத்து அடியாக இருந்ததால் வளையத்தின் உயரம் இன்றைக்கும் பத்து அடிதான். முப்பதே ஆண்டுகளில் ஆட்டம் நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. 1920இல் சென்னையில் ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தென்னிந்தியாவின் உடற்கல்வி ஆசிரியர் பலர் அங்கே பழகியவர்கள்.

விடையின் மற்றப் பாதி மனிதரில் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரியைக் கத்தோலிக்க மிஷனரிமார் 1873இல் தொடங்கினார்கள். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி, யேசு சபையினரின் பொறுப்பில் விடப்பட்டது. முதலில் வந்தவர்கள் பிரான்சிலிருந்து வந்தார்கள். அவர்களில் பெர்டினன்ட் பொனல் அடிகளாரை மட்டக்களப்பு மறக்காது. கணிதத்தில் வல்லவர், கல்லூரியை ஓர் உயர்தர ஆங்கிலப் பாடசாலையாக வளர்த்தெடுத்தவர். காரைதீவிலிருந்து வந்த மயில்வாகனன் என்ற மாணவர் அவரிடம் படித்து, 1908இல் பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். பின்னாளில் அதே கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார். அந்த மயில்வாகனன்தான் நம் விபுலானந்த அடிகள். கத்தோலிக்கத் துறவியிடம் கணிதம் கற்ற சைவப் பிள்ளை, துறவியாகி, வாவிக்கு அக்கரையில் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார். மட்டக்களப்பின் கல்வி வரலாறு இப்படிக் கொண்டும் கொடுத்தும் வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பொறுப்பு பிரெஞ்சுத் துறவிகளிடமிருந்து அமெரிக்கத் துறவிகளுக்கு மாறியது. யேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து இளம் குருமாணவர்கள் கப்பலேறினார்கள். 1947இல் இக்னேஷியஸ் கிளெனி அடிகளார் திருகோணமலை மறைமாவட்டத்தின் ஆயரானார். அகஸ்தானா கல்லூரி நிற்கும் ஊரைத் தொட்டுப் போகும் அதே மிசிசிப்பி ஆறு கடலில் கலக்குமுன் தொடுகிற கடைசிப் பெருநகரம் நியூ ஓர்லியன்ஸ். வெக்கை, சதுப்பு, இறால், நண்டு, புயல் எல்லாம் அங்கேயும் உண்டு. வாவிக்கரையின் வெயில் அவர்களுக்கு அந்நியமாக இருந்திருக்காது. அங்கே யேசு சபையார் நடத்தும் லொயோலா பல்கலைக்கழகம் 1945இல் சிறிய கல்லூரிகளுக்கான தேசியக் கூடைப்பந்தாட்டப் போட்டியில் பட்டம் வென்றிருந்தது. நகரத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு அமெரிக்காவிலும் இடம் குறைவு. அங்கேயும் கூடைப்பந்தாட்டமே அவர்களின் விளையாட்டாக இருந்தது. வந்தவர்கள் பைபிளோடும் பாடப்புத்தகத்தோடும் அந்த ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள்.

அவர்களில் மூவரின் பெயரை இங்கே சொல்ல வேண்டும். ஹரல்ட் வெபர் அடிகளார், விளையாட்டுக்காகவே வாழ்ந்தவர்; நகரின் பிரதான மைதானம் இன்று வெபர் மைதானம் என்று அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது. பெஞ்சமின் ஹென்றி மில்லர் அடிகளார், எல்லோருக்கும் ஹரி மில்லர், 1948இல் வந்தார். கல்லூரியின் அதிபராக இருந்தார். மூன்றாமவர் யூஜின் ஜோன் ஹெபர்ட் அடிகளார். லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி பிறந்தவர். அவரும் 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின் மட்டக்களப்பிலும் பணியாற்றினார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் என்றே இந்த மாகாணம் அவரை அறிந்தது. அவருடைய காலத்தில் மிக்கேல் கல்லூரி நாட்டின் முதல்தர அணிகளில் ஒன்றாக எழுந்தது.

இந்த ஆட்டத்தில் பயிற்றுவிப்பாளரின் கை எங்கே தெரியும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பயிற்சி முடித்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் இது தெரியும், பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தைப் பிடித்து நின்றுவிட்ட வீரன் ஒரு காலைத் தரையில் ஊன்ற வேண்டும். அந்தக் காலை இழுத்தால் தவறு. பந்து எதிரணிக்குப் போய்விடும். ஊன்றிய காலை அச்சாக வைத்து மற்றக் காலால் எந்தப் பக்கமும் திரும்பலாம். பழகாத பையன் எதிராளி நெருங்கியதும் பதறி இரண்டு காலையும் அசைப்பான். பழகியவன் முதுகைக் காட்டித் திரும்புவான், பந்தை இடுப்புக்குக் கீழே மறைப்பான், ஒரு கணம் பொறுப்பான், தோழன் வெட்டி ஓடும் இடத்தைக் கண்டு பந்தை நிலத்தில் ஒருமுறை தட்டி அனுப்புவான். முழுதும் இரண்டு மூன்று வினாடி. அந்த இரண்டு வினாடி நிதானத்துக்குப் பின்னால் பல மாத மாலைகள் இருக்கின்றன.

உயரம் குறைந்த அணி உயரமான அணியை வெல்லும் வழியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது, குதிப்பதற்கு முன்னரே எதிராளிக்கும் வளையத்துக்கும் நடுவில் இடம் பிடித்து, முதுகால் அவனை அடைத்து நிற்க வேண்டும். இடம் பிடித்தவன் கட்டையாக இருந்தாலும் பந்து அவனுக்கே. காவல் ஆட்டத்தில் கைகளைவிடக் கால்கள் முக்கியம். முழங்கால் மடித்து, பாதம் குறுக்கிடாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். கோடைச் சீமெந்துத் தளத்தில் ஐந்து நிமிடம் அப்படி நகர்ந்து பாருங்கள், தொடை எரியும். பலகையிலிருந்து 4.6 மீற்றர் தூரத்துத் தண்ட எறிகோட்டில் நிற்கும்போது தடுப்பதற்கு ஒருவரும் இல்லை. எறிபவனும் வளையமும் மட்டும்தான். கடைசி நிமிடத்தில், களைத்த கையோடு, சத்தத்தின் நடுவே அந்தப் பந்து உள்ளே போக வேண்டுமானால், ஒரே அசைவைப் பல்லாயிரம் தடவை செய்த பழக்கம் வேண்டும். இவற்றில் எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது. பக்கத்தில் நின்று, ஒவ்வொரு நாளும் அதே பிழையை அதே பொறுமையோடு திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும்.

அடுத்தது, யார் யாரோடு ஆடினார்கள் என்பது. ஹெபர்ட் அடிகளார் பிறந்த லூசியானாவில் 1956இல் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே விளையாட்டில் சேர்ந்து ஆடக் கூடாது, ஒன்றாக அமர்ந்து பார்க்கவும் கூடாது என்றது அந்தச் சட்டம். நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1959இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 1963 மார்ச்சில், கறுப்பு வீரர் நால்வரைத் தொடக்க ஐவரில் கொண்டிருந்த சிக்காகோ லொயோலா அணியோடு ஆடுவதற்காக, மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெள்ளை வீரர்கள் தங்கள் மாநிலத்தின் தடையை மீறி இரகசியமாகப் புறப்பட்டுப் போனார்கள். லொயோலா அந்த ஆட்டத்தை வென்றது. அந்த ஆண்டின் தேசியப் பட்டத்தையும் வென்றது. அதுவும் ஒரு யேசு சபைக் கல்லூரி.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1956இல் நம் நாட்டிலும் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. மனிதரை மொழியால் பிரிக்கும் அரசியல் வேகம் பிடித்தது. மட்டக்களப்பில் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மிக்கேல் கல்லூரியின் வகுப்பறையில் ஒரே வாங்கில் இருந்தார்கள். குடி பார்க்கும் வழக்கமும் சாதி பார்க்கும் வழக்கமும் ஊரில் இருந்தன, மறைப்பதற்கில்லை. ஆனால் ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவனுக்குப் பந்து கொடுக்காமல் விட்டால் அணி தோற்கும். பிள்ளைகள் அந்தப் பாடத்தை உபதேசமாகக் கேட்கவில்லை, ஆடிப் பழகினார்கள். கிண்ணங்களைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காலம் அமைதியாக இருக்கவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு திருச்சபைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது; மிக்கேல் கல்லூரியும் பிற்பாடு அரசின் கீழ் வந்து, இன்று தேசிய பாடசாலையாக இருக்கிறது. நிர்வாகம் கைமாறியபோது துறவிகள் மூட்டை கட்டியிருக்கலாம். அவர்கள் போகாமல் ஊரில் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். ஹெபர்ட் அடிகளார் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்தினார். பல்கலைக்கழக வாசல் திறக்காத இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுத்த இடம் அது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி தென்னந்தோப்புகளையும் கூரைகளையும் அடித்துக்கொண்டு போன பின்பும் அவர்கள் இங்கேதான் இருந்தார்கள்.

பிறகு போர். 1988 ஜூன் 6ஆம் திகதி, மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அந்த ஆண்டின் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களைக் கடந்து வந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. செப்ரெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது, அவர்கள் திரும்பவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டான் படுகொலை. ஒரே தளத்தில் ஆடிய பிள்ளைகளின் ஊர்கள் ஒன்றையொன்று பார்த்து நடுங்கிய நாட்கள் அவை.

மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் ஹெபர்ட் அடிகளாரும் மில்லர் அடிகளாரும் இருந்தார்கள். காணாமற்போனவரைத் தேடி முகாம் வாசல்களுக்குப் போனார்கள், பெயர்களை எழுதினார்கள், தாய்மாரின் முறைப்பாடுகளைக் கேட்டார்கள். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, மரியாளின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனைக்குப் போயிருந்த ஹெபர்ட் அடிகளார், தம் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பப் புறப்பட்டார். கூட வந்தவர் பெர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞர். கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை என்று வரும் அந்தத் தெரு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்; நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் தெரு. இருவரும் மட்டக்களப்பை வந்தடையவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. அடிகளாருக்கு வயது 66. இந்த நாட்டுக்கு வந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் அமெரிக்கக் குடிமகன். புறப்பட்டுப் போக வழியிருந்தது. போயிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சித் தளத்திலும் தொழிற்கூடத்திலும் தாம் வளர்த்த இளைஞர்கள் வீட்டுக்கு வீடு காணாமற்போய்க்கொண்டிருந்தபோது அவர் போகவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கம் அது. ஒவ்வொரு மாலையும் தளத்துக்கு வந்த அதே மனிதர்தான் அந்த ஓகஸ்ட் மாதமும் தெருவில் இறங்கினார். வெற்றிக் கிண்ணங்களின் வரலாறு ஒரு பக்கம், 1990இன் வரலாறு இன்னொரு பக்கம் என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே குணத்தின் விளைவு.

அவரைக் காணாமற்போகச் செய்தவர் யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் வெள்ளைக்காரத் துறவி என்பதால் அவருடைய பெயர் வெளிநாட்டு அறிக்கைகளில் வந்தது. அதே தெருவில், அதே மாதங்களில் காணாமற்போன நம் பிள்ளைகள் பலருடைய பெயர் அவரவர் தாயின் வாயில் மட்டுமே இருக்கிறது. ஹெபர்ட் அடிகளாரை நினைக்கும்போது பெர்ட்ரம் பிரான்சிஸையும் சேர்த்து நினைப்பது நம் கடமை. 

மில்லர் அடிகளார் தொடர்ந்து இருந்தார். போரின் எல்லாக் கட்டங்களையும் கண்டார். காணாமலாக்கப்பட்டோர் விவரங்களைத் திரட்டினார். 2004 சுனாமி கல்லடியையும் நாவலடியையும் அடித்த நாட்களிலும் இங்கேயே இருந்தார். போர் முடிந்த பின் முதிய வயதில் பிறந்த ஊரான நியூ ஓர்லியன்சுக்குப் போனவர், அங்கே இருக்க மனம் கொள்ளாமல் மட்டக்களப்புக்கே திரும்பி வந்துவிட்டார். வாவிக்கரை அவருக்கு ஊராகிவிட்டிருந்தது.

இனி, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

மிக்கேல் கல்லூரியில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. அணிகள் இன்றும் வெளியே போய் ஆடி வருகின்றன. அந்த மரபைக் காத்துவரும் ஆசிரியர்களையும் பழைய மாணவர்களையும் வணங்குகிறேன். ஆனால் மரபு ஒரு மதிலுக்குள் இருந்தால் போதாது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பந்து துள்ளுகிறது. மேற்கே, படுவான்கரைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. காடு மேடு ஓடி வளர்ந்த கால்கள் அவை. அவர்களுக்குத் தளம் வேண்டும், வளையம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலாக மாலையில் வந்து நிற்கும் ஓர் ஆள் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் அதே ஏற்பாடு வேண்டும். பயிற்சிக்கு வரும் பெண்பிள்ளை பாதுகாப்பாக வீடு திரும்புவதற்கான ஒழுங்கும் அந்த ஏற்பாட்டில் அடங்கும்.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்புகிறார்கள்; கட்டடம் எழுகிறது, ஜேர்சி வருகிறது. நன்றி. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆளுக்குக் கொடுங்கள். ஒரு வாரம் வந்து பயிற்சி முகாம் நடத்திப் படம் பிடித்துக்கொண்டு போகும் ஏற்பாடுகளால் அணி உருவாகாது. ஊரில் குடியிருக்கும் இளம் பயிற்றுவிப்பாளர் ஒருவருக்குப் பத்து ஆண்டுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு நிதி வையுங்கள். பத்து ஆண்டு என்று நான் சொல்வது பேச்சுக்காக அல்ல. ஆறாம் வகுப்பில் பந்தைத் தொடும் பிள்ளை பாடசாலை முடிக்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அந்தப் பிள்ளை வளர்ந்து அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கும் வரைக்கும் முதல் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பழைய ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். அகஸ்தானா கல்லூரியின் அறுபது ஆட்டங்களையும் நான் இன்று எண்ணிக்கையோடு சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தக் கல்லூரி ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதி வைத்ததுதான். உங்கள் வீட்டு அலுமாரிகளில் அணிப் படங்கள் இருக்கின்றன. பத்திரிகைத் துண்டுகள், சான்றிதழ்கள், அடிகளார் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. யார் ஆடினார்கள், யாரை வென்றார்கள், எங்கே தோற்றார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறது. எழுதுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்களைப் படத்தின் பின்னால் எழுதுங்கள். கல்லூரி நூலகத்தில் ஒப்படையுங்கள். தமிழ், முஸ்லிம், பறங்கியர் பெயர்கள் ஒரே வரிசையில் நிற்கும் ஒரு பழைய அணிப் படத்துக்கு இன்றைய மட்டக்களப்பில் உள்ள மதிப்பு எந்தக் கிண்ணத்துக்கும் இல்லை.

அரசுக்கும் ஒரு வார்த்தை. காணாமற்போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வாழைச்சேனைத் தெருவில் காணாமற்போன அந்த இருவருக்கும், அந்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் காணாமற்போன எல்லோருக்கும் என்ன நடந்தது என்று சொல்லும் கடன் நாட்டுக்கு இருக்கிறது. தாய்மார் முதுமையடைந்து ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இனியும் தாமதிப்பது அநியாயம்.

பின்வரிசைத் தம்பிமாரே, தங்கைமாரே, கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் சிலர் நாளை இலங்கை அணிக்கு ஆடுவீர்கள். பலர் படித்து வேலைக்குப் போவீர்கள், சிலர் வெளிநாடு போவீர்கள். எல்லோரையும் இங்கேயே இருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்களில் இரண்டு பேராவது இந்த ஊரில் தங்குங்கள். மாலை நான்கு மணிக்குத் தளத்துக்கு வாருங்கள். அடுத்த நாளும் வாருங்கள். இந்த ஊருக்கு அடுத்த சாம்பியன் அணி அப்படித்தான் வரும்.